1971 பிக் எய்ட்டா, 2011 எஸ்இசியா? கல்லூரி ஃபுட்பால் கான்ஃபரன்ஸ்களைக் காலம் தாண்டி ஒப்பிட முடியுமா?

லிங்கன்வாசி எழுதியது:

நண்பர்களே, ஒரு வாரமாக இந்தக் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. அதனால் இங்கே போடுகிறேன்.

நெப்ராஸ்காவில் என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. போன ஞாயிறு ஏணி இரவல் வாங்க அவருடைய கராஜுக்குப் போனேன். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு செய்தித்தாள் துண்டு, டீக்கறை நிறத்துக்கு வந்துவிட்டது. 1971 அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசனின் கடைசி ஏபி தரவரிசை, அதாவது பத்திரிகையாளர்கள் வாக்களித்துப் போடும் பட்டியல். முதலிடம் நெப்ராஸ்கா, அடுத்து ஓக்லஹோமா, மூன்றாவது கொலராடோ. மூன்றாவது வரிக்கு மட்டும் அடியில் பென்சில் கோடு. "உங்கள் அணி முதல் வரியில் இருக்கிறதே, ஏன் மூன்றாவதுக்குக் கோடு?" என்று கேட்டேன். "நாங்கள் ஜெயித்தது எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது யார் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்" என்றார்.

மூன்று பேரும் ஒரே கான்ஃபரன்ஸ், அதாவது தங்களுக்குள் மோதிக்கொள்ளும் கல்லூரிகளின் ஒரே குழு. எட்டே அணிகள் கொண்ட பிக் எய்ட். சீசன் முடிந்த தரவரிசையில் ஒரே கான்ஃபரன்ஸ் முதல் மூன்று இடத்தையும் பிடித்தது அந்த ஒரு தடவைதான். என்னைக் கேட்டால் கல்லூரி ஃபுட்பால் பார்த்த மிகப் பலமான கான்ஃபரன்ஸ் 1971 பிக் எய்ட். மறுப்பவர்கள் வாருங்கள், பேசுவோம்.

பர்மிங்காம் மாமா எழுதியது:

வணக்கம் தம்பி. அந்த வருஷத்து நெப்ராஸ்காவை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒரு சீசனை வைத்துக் கொண்டு கான்ஃபரன்ஸையே உச்சியில் வைப்பது சரியில்லை. எங்கள் தெற்கத்திக் கல்லூரிகளின் எஸ்இசி 2006 முதல் 2012 வரை தொடர்ந்து ஏழு தேசியப் பட்டம் வாங்கியது. ஃப்ளோரிடா, எல்எஸ்யூ, மறுபடி ஃப்ளோரிடா, அலபாமா, ஆபர்ன், பிறகு இரண்டு வருஷம் அலபாமா. ஏழு பட்டம், நான்கு வெவ்வேறு கல்லூரிகள். ஒரே ராட்சச அணி மற்றவர்களைத் தூக்கிப் பிடித்த கதை இல்லை இது.

ஒரே சீசன்தான் வேண்டும் என்றால் 2011 எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசியில் ஏபி பட்டியலில் எல்எஸ்யூ 1, அலபாமா 2, ஆர்கன்சா 3. மூன்றும் எஸ்இசியின் மேற்குப் பிரிவு. முழு கான்ஃபரன்ஸ்கூட இல்லை, பாதி! கடைசியில் பட்ட ஆட்டத்தில் மோதியவர்களும் எங்கள் அலபாமாவும் எல்எஸ்யூவும்தான்.

எண்கணக்கன் எழுதியது:

இரண்டு பேரும் சண்டைக்குள் இறங்கும் முன் ஒரு விஷயம்.

ஒரு கான்ஃபரன்ஸுக்குள் நடக்கும் ஆட்டத்தில் ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்றே ஆக வேண்டும். ஆகவே எல்லா அணிகளின் உள் ஆட்டங்களையும் கூட்டினால், உலகத்திலேயே பலமான கான்ஃபரன்ஸ் ஆனாலும் சரி, நோஞ்சான் கான்ஃபரன்ஸ் ஆனாலும் சரி, வெற்றி பாதி, தோல்வி பாதி. உள்ளே எவ்வளவு ஆக்ரோஷமாக அடித்துக்கொண்டார்கள் என்பது பலத்தைப் பற்றி எதுவுமே சொல்லாது. "எங்கள் கான்ஃபரன்ஸில் யாரும் யாரையும் தோற்கடிக்கலாம்" என்பார்கள். அதற்கு எல்லாரும் நன்றாக ஆடுகிறார்கள் என்றும் அர்த்தம் இருக்கலாம், எல்லாரும் சுமார் என்றும் இருக்கலாம்.

வெளியே போய் ஆடிய ஆட்டம் மட்டுமே சாட்சி. 1971இல் பிக் எய்ட் அணி ஒவ்வொன்றும் உள்ளே 7 ஆட்டம் ஆடியது. வெளியே 4 (நெப்ராஸ்காவுக்கு ஹவாயி பயணம் சேர்த்து 5). அதற்கு மேல் பவுல், அதாவது சீசன் முடிந்தபின் அழைப்பின் பேரில் நடக்கும் ஆட்டம். 2011இல் எஸ்இசி அணிக்கு உள்ளே 8, வெளியே 4. கணினித் தரவரிசைகள் எல்லாமே இந்தக் கொஞ்சம் வெளி ஆட்டங்களைப் பாலமாக வைத்துத்தான் இரு கரைகளையும் இணைக்கின்றன. பாலம் மெலிந்தால் கணக்கும் ஆடும்.

அப்புறம், 1971 ஆட்களை 2011 மைதானத்தில் இறக்கினால் என்ன ஆகும் என்ற பேச்சே வேண்டாம். உடல் எடை, பயிற்சி, சாப்பாடு எல்லாம் மாறிவிட்டது. அவரவர் காலத்தில் மற்றவர்களைவிட எவ்வளவு உயரம் என்பதைத்தான் ஒப்பிட முடியும். அந்த வெளி ஆட்டங்களை இரண்டு பேரும் எடுத்துப் போடுங்கள்.

லிங்கன்வாசி எழுதியது:

நியாயம். இதோ.

ஓக்லஹோமா: டெக்சாஸை 48-27, கலிஃபோர்னியாவின் யுஎஸ்சியை 33-20. அந்த டெக்சாஸ்தான் அந்த வருஷம் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் சாம்பியன், அதை மறக்க வேண்டாம். கொலராடோ: எல்எஸ்யூ மைதானத்துக்கே போய் 31-21, ஒஹையோ ஸ்டேட் மைதானத்துக்கே போய் 20-14. கொலராடோ அந்த சீசனில் தோற்றது இரண்டே இரண்டு ஆட்டம், நெப்ராஸ்காவிடமும் ஓக்லஹோமாவிடமும்.

பவுல் ஆட்டங்கள்தான் என் பெரிய சாட்சி. மாமாவின் எஸ்இசியில் அந்த வருஷம் உச்சியில் இருந்தவை அலபாமாவும் ஆபர்னும். அலபாமா 11-0 என்று தோல்வியே காணாமல் ஆரஞ்ச் பவுலுக்கு வந்தது. நெப்ராஸ்கா 38-6. ஆபர்ன் ஷுகர் பவுலுக்கு வந்தது. ஓக்லஹோமா 40-22, அதுவும் பாதி ஆட்டத்திலேயே விஷயம் முடிந்துவிட்டது. கொலராடோ ப்ளூபானட் பவுலில் ஹூஸ்டனை 29-17.

இதற்கு நடுவில் நவம்பர் 25, தேங்க்ஸ்கிவிங் அன்று நார்மனில் நெப்ராஸ்கா 35, ஓக்லஹோமா 31. நெப்ராஸ்காவின் ஜானி ராஜர்ஸ், எதிரணி உதைத்துவிட்ட பந்தை (பண்ட்) பிடித்து 72 கஜம் ஓடியது ஒரு டச்டவுன். மீதி நான்கும் ஜெஃப் கின்னி. கடைசி டச்டவுன் வந்தபோது மீதி இருந்தது 1 நிமிஷம் 38 வினாடி. பெரியவர் அந்த ஆட்டத்தை அம்மா வீட்டு அடுப்படி ரேடியோவில் கேட்டாராம். வான்கோழி ஆறிப்போய் யாரும் தொடவில்லை என்றார்.

பர்மிங்காம் மாமா எழுதியது:

38-6 எனக்கும் தெரியும் தம்பி. இங்கே அதை இன்னமும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, 2011 கணக்கு. எல்எஸ்யூ முதல் ஆட்டத்திலேயே ஆர்லிங்டனில் ஆரிகனை 40-27. அந்த ஆரிகன் சீசனை நான்காம் இடத்தில் முடித்தது. பிறகு வெஸ்ட் வர்ஜீனியா மைதானத்துக்குப் போய் 47-21. சவுத் கரோலினா, ஏசிசி கான்ஃபரன்ஸின் சாம்பியன் க்ளெம்சனை 34-13, பவுலில் உங்கள் நெப்ராஸ்காவை 30-13. ஆர்கன்சா, காட்டன் பவுலில் கான்சஸ் ஸ்டேட்டை 29-16. கடைசி ஏபி பட்டியலில் எங்கள் ஆட்கள் 1, 2, 5, 9, 19.

முக்கியமாக, உங்கள் பிக் எய்ட்டின் அடிமட்டத்தைப் பாருங்கள். மிசௌரி அந்த வருஷம் 1-10, ஒரு வெற்றி, பத்துத் தோல்வி. மேலே மூன்று மலை, ஐயோவா ஸ்டேட் ஒரு குன்று, கீழே பள்ளம். அந்த ஐயோவா ஸ்டேட்டையும் சன் பவுலில் எங்கள் எல்எஸ்யூ 33-15 என்று அடித்தது. அதை விட்டுவிட்டீர்களே.

லிங்கன்வாசி எழுதியது:

விட்டது என் தப்புதான், சேர்த்துக்கொள்கிறேன். 1971இல் இரு கான்ஃபரன்ஸும் நேருக்கு நேர் மோதிய இந்த நான்கில் பிக் எய்ட்டுக்கு 3-1.

ஆனால் பள்ளம் உங்கள் பக்கமும் இருந்தது மாமா. 2011இல் ஓல் மிஸ் எஸ்இசிக்குள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. உங்கள் கிழக்குப் பிரிவு சாம்பியன் ஜார்ஜியா, சீசன் தொடக்கத்தில் அட்லாண்டாவிலேயே பாய்சி ஸ்டேட்டிடம் 35-21 என்று தோற்றது. 1971இல் பிக் எய்ட்டின் முதல் மூவரை வெளியாள் ஒருத்தர்கூடத் தொடவில்லை. நான் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

புதுவரவு எழுதியது:

நான் இரண்டு வருஷமாகத்தான் பார்க்கிறேன் அண்ணா. ஒரு சந்தேகம். பழைய காலத்தில் பிக் டென் மிகப் பெரியது என்று ஆஃபிஸில் எல்லாரும் சொல்கிறார்கள். இந்த இழையில் அதன் பேச்சே வரவில்லையே?

ஏரிக்கரை எழுதியது:

வந்துவிட்டேன். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் பதினெட்டு வருஷம் இருக்கிறேன், இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

தம்பி, 1970களின் பிக் டென்னை இங்கே "பெரிய இருவர், சின்ன எண்மர்" என்பார்கள். மிச்சிகனும் ஒஹையோ ஸ்டேட்டும் பெரிய இருவர். 1969 முதல் 1978 வரை மிச்சிகன் பயிற்சியாளர் போ ஷெம்பெக்லரும் ஒஹையோ ஸ்டேட் பயிற்சியாளர் உட்டி ஹேய்ஸும் வருஷா வருஷம் நவம்பரில் மோதிக்கொண்டார்கள். மற்ற எட்டு அணிகளும் அவர்களிடம் அடி வாங்கின. எண்கணக்கன் சார் சொன்னது அப்படியே பொருந்தும் இடம் இது. உள்ளே பார்த்தால் இரண்டு மாமலைகள். வெளியே பார்த்தால்? ரோஸ் பவுலில் அப்போது பிக் டென் அணியும் மேற்குக் கரை கான்ஃபரன்ஸ் அணியும் மோதும். 1970 முதல் 1987 வரை நடந்த 18 ரோஸ் பவுலில் மேற்குக் கரைக்காரர்கள் 16 ஜெயித்தார்கள். பிக் டென்னுக்குக் கிடைத்தது 1974இல் ஒஹையோ ஸ்டேட், 1981இல் மிச்சிகன், அவ்வளவுதான். இதை எழுதவே எனக்கு வலிக்கிறது, ஆனால் உண்மை.

இன்னொரு பக்கமும் உண்டு. 1974 சீசன் வரை பிக் டென்னில் ரோஸ் பவுலுக்குப் போகும் ஒரே அணியைத் தவிர வேறு எந்த அணியும் எந்தப் பவுலுக்கும் போகக் கூடாது. 1972, 73, 74 மூன்று வருஷமும் சேர்த்து மிச்சிகன் 30-2-1 (கடைசி எண் சமன்). போன பவுல் எத்தனை? ஒன்றுமில்லை. 1973இல் ஒஹையோ ஸ்டேட்டுடன் 10-10 சமன், இருவருமே தோல்வி காணாதவர்கள், ரோஸ் பவுலுக்கு யார் என்று கான்ஃபரன்ஸின் விளையாட்டு இயக்குநர்கள் வாக்கெடுத்து ஒஹையோ ஸ்டேட்டை அனுப்பினார்கள். அந்த மிச்சிகன் அணியை எந்த வெளி அணியோடும் வைத்துப் பார்க்க ஒரு ஜனவரி ஆட்டம்கூட நமக்கு இல்லை. சாட்சியையே பூட்டி வைத்துவிட்டு, பலம் எவ்வளவு என்று இன்று கேட்கிறோம்.

அதற்கும் முன்னால் போனால் 1965, 66 மிச்சிகன் ஸ்டேட். 1966 நவம்பர் 19, நோட்ர டாமுடன் 10-10. தொடர்ந்து இரண்டு வருஷம் ஒரே அணி ரோஸ் பவுலுக்குப் போகக் கூடாது என்று ஒரு விதி அப்போது, ஆகவே அந்த அணி வீட்டில் உட்கார்ந்தது. பதிலுக்குப் போன பர்டூ யுஎஸ்சியை 14-13 என்று ஜெயித்தது. இரண்டாவதாக அனுப்பியவரே ஜெயித்தார் என்றால் அந்த வருஷத்து பிக் டென்னை யோசித்துப் பாருங்கள்.

ஹூஸ்டன் தம்பி எழுதியது:

ஏரிக்கரை அண்ணன் மிச்சிகன் ஸ்டேட்டைத் தொட்டதால் நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த 1966 அணியில் யார் யார்? பப்பா ஸ்மித், டெக்சாஸின் போமாண்ட். ஜீன் வாஷிங்டன், டெக்சாஸின் லா போர்ட். ஜார்ஜ் வெப்ஸ்டர், தென் கரோலினா. குவார்ட்டர்பேக் ஜிம்மி ரே, வட கரோலினா. எல்லாரும் தெற்கு, எல்லாரும் கறுப்பினத்தவர். ஊருக்குப் பக்கத்துப் பெரிய கல்லூரிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாது, அதனால் பனி கொட்டும் ஊருக்குப் போனார்கள். அன்றைய பிக் டென்னின் பலத்தில் ஒரு பகுதி, சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸும் எஸ்இசியும் ஏசிசியும் கதவைச் சாத்தியதால் வந்த பலம்.

அதே போமாண்டிலிருந்து ஜெரி லெவையஸ் டல்லாஸில் எஸ்எம்யூவுக்குப் போனார். சவுத்வெஸ்டில் ஸ்காலர்ஷிப் வாங்கிய முதல் கறுப்பின வீரர். 1966இல் அவர் களம் இறங்கிய முதல் சீசனிலேயே எஸ்எம்யூ 1948க்குப் பிறகு முதல் தடவையாக கான்ஃபரன்ஸ் பட்டம் வாங்கியது. ஒரே ஒரு கதவு திறந்ததற்கு அந்தப் பலன்.

இப்போது என் கேள்வி. 1960களில் தெற்கின் மிகப் பலமான கான்ஃபரன்ஸ் எது? எல்லாரும் எஸ்இசி, சவுத்வெஸ்ட் என்பீர்கள். நான் ஸ்வாக் என்று சொன்னால் சிரிக்காமல் கேளுங்கள். க்ராம்ப்ளிங், சதர்ன், ஜாக்சன் ஸ்டேட், ப்ரெய்ரி வியூ. கறுப்பினக் கல்லூரிகள் மட்டும் ஆடிய கான்ஃபரன்ஸ். க்ராம்ப்ளிங்கிலிருந்து பக் பக்கனன், 1963இல் ஏஎஃப்எல் என்ற தொழில்முறை லீக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது நாட்டிலேயே முதல் ஆள். அதே ஆளைப் போட்டி லீக்கான என்எஃப்எல் 19ஆவது சுற்று வரை எடுக்கவில்லை! அதே க்ராம்ப்ளிங்கிலிருந்து வில்லி டேவிஸ், வில்லி ப்ரௌன், சார்லி ஜாயினர். ஜாக்சன் ஸ்டேட்டிலிருந்து லெம் பார்னி. ப்ரெய்ரி வியூவிலிருந்து கென் ஹூஸ்டன். சதர்னிலிருந்து மெல் ப்ளன்ட். நான் சொன்ன ஏழு பேரும் தொழில்முறை ஃபுட்பால் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள்.

இவர்களுக்கும் அன்றைய அலபாமாவுக்கும் ஒரு ஆட்டம்கூட நடந்ததில்லை. நடக்கவிடவில்லை. எண்கணக்கன் சார் சொன்ன அந்தப் பாலம் மெலிந்துகூட இல்லை, கட்டப்படவே இல்லை. ஏபி பட்டியலை மட்டும் வைத்து 60களின் தெற்கை வரிசைப்படுத்தினால், ஆடிய பாதிப்பேரை விட்டுவிட்டுத்தான் வரிசைப்படுத்துகிறோம்.

பர்மிங்காம் மாமா எழுதியது:

தம்பி, நான் சிரிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

நான் இருக்கும் ஊரில் லீஜன் ஃபீல்ட் மைதானம் இன்னமும் நிற்கிறது. 1970 செப்டம்பர் 12 அன்று அங்கே யுஎஸ்சி வந்து அலபாமாவை 42-21 என்று அடித்தது. யுஎஸ்சியின் கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாம் 135 கஜம், இரண்டு டச்டவுன். அலபாமாவில் கறுப்பின வீரர் வில்பர் ஜாக்சனுக்கு அதற்கு முன்பே ஸ்காலர்ஷிப் கொடுத்திருந்தார்கள், ஆனால் முதல் வருஷ மாணவர்கள் அப்போது ஆட முடியாது, அவர் காலரியில் இருந்துதான் பார்த்தார். அந்த ஒரே ஆட்டம் எல்லாவற்றையும் மாற்றியது என்று சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். எஸ்இசியில் முதலில் ஆடிய கறுப்பின வீரர் கென்டக்கியின் நேட் நார்திங்டன், 1967இல். கடைசி அணிகள் திறக்க 1972 ஆனது.

அதைவிட எனக்கு உறைப்பது இது. நான் பெருமையாகச் சொன்ன ஏழு பட்டத்து எஸ்இசி, ஸ்வாக்குக்குப் போயிருக்கக்கூடிய பையன்களால் கட்டப்பட்ட எஸ்இசி. அதே நிலம், அதே ஊர்கள். 1985இல்கூட புகழ்பெற்ற ஜெரி ரைஸ் ஸ்வாக்கின் மிசிசிப்பி வேலி ஸ்டேட்டிலிருந்துதான் என்எஃப்எல்லுக்குப் போனார். அதற்குள் பெரும்பாலோர் பெரிய கல்லூரிகளுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். கென் ஹூஸ்டனை உருவாக்கிய அதே ப்ரெய்ரி வியூ 1989 முதல் 1998 வரை தொடர்ந்து 80 ஆட்டம் தோற்றது. ஒரு கான்ஃபரன்ஸ் பலம் பெற்ற கதையும் இன்னொன்று மெலிந்த கதையும் ஒரே கதை.

எண்கணக்கன் எழுதியது:

இதற்குப் பிறகு நான் எண்களைப் பேசுவது சின்னதாகத் தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன், பலரும் தவறும் இடம்.

"தரவரிசையில் எத்தனை அணி" என்று எண்ணிக் காலங்களை ஒப்பிடாதீர்கள். ஏபி 1961 முதல் 1967 வரை பத்து அணிகளைத்தான் வரிசைப்படுத்தியது. பிறகு 20, 1989 முதல் 25. பயிற்சியாளர்கள் வாக்களிக்கும் இன்னொரு பட்டியல் 1973 வரை பவுலுக்கு முன்பே முடிந்துவிடும். அப்படித்தான் 1973இல் அலபாமா அதில் சாம்பியன் ஆகிவிட்டு, நோட்ர டாமிடம் 24-23 என்று தோற்றது.

ஒரு கல்லூரி எத்தனை வீரர்களுக்கு ஸ்காலர்ஷிப் தரலாம் என்ற உச்சவரம்பு இன்னொன்று. 1973க்கு முன் தேசிய அளவில் வரம்பே கிடையாது. அந்த வருஷம் 105, 1978இல் 95, 1994க்குள் 85. பெரிய கல்லூரி நூற்றைம்பது பேரைச் சேர்த்துப் பாதியை பெஞ்சில் உட்கார வைக்கலாம் என்ற காலத்தில் மலையும் பள்ளமும்தான் உருவாகும். ஜார்ஜியா டெக் 1964இல் எஸ்இசியை விட்டுப் போனதே ஆட்களின் எண்ணிக்கை பற்றிய தகராறில்தான். 85 வந்தபின் பெஞ்சில் இருந்திருக்க வேண்டியவர்கள் நடுத்தர அணிகளுக்குப் போனார்கள், பள்ளம் கொஞ்சம் நிரம்பியது. ஆகவே 1971இல் மூவர் தனித்து நின்றதிலும், 2011இல் ஒன்பதாவது, பத்தொன்பதாவது இடங்கள் வரை எஸ்இசி இருந்ததிலும் இந்த விதிக்குப் பங்கு உண்டு.

புதுவரவு எழுதியது:

அப்போ இன்றைய நிலவரத்தை வைத்து எதையுமே ஒப்பிட முடியாதா அண்ணா? டெக்சாஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசியில், யுஎஸ்சி பிக் டென்னில்!

ஏரிக்கரை எழுதியது:

2024இல் மேற்குக் கரை கான்ஃபரன்ஸான பேக்-12இல் மீந்தது ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் தம்பி. 16 ரோஸ் பவுல் ஜெயித்த வம்சத்தில் பாதி எங்கள் பக்கமே வந்துவிட்டது. 2023இல் மிச்சிகன், 2024இல் ஒஹையோ ஸ்டேட் என்று பட்டம் வந்தபோது நான் கத்திக் கொண்டாடினேன். ஆனால் இனி பிக் டென் பலம் என்றால் பெயர் அதுவே, ஆள் வேறு. பெயரை வைத்து 1966உடன் ஒப்பிட எனக்கு மனசு வரவில்லை.

லிங்கன்வாசி எழுதியது:

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் மூன்று அணிகளைத் தங்கள் காலத்து மற்றவர்களோடு வைத்துப் பார்த்தால் 1971 பிக் எய்ட்டுக்கு மேல் எதுவும் இல்லை. இதை மாற்றிக்கொள்ள மாட்டேன். முதல் ஐந்தாறு அணிகள் என்று எடுத்தால் 2011 எஸ்இசி. மாமா சொன்னது சரி, என் தலைப்பில் "கான்ஃபரன்ஸ்" என்று நான் எழுதியது மூன்று அணிகளைத்தான். 60களின் தெற்கு பற்றி நான் ஒரு தனி வரிசை தயாரித்து வைத்திருந்தேன், நாளைக்குப் போடுவதாக இருந்தேன். அதைப் போடவில்லை. ஹூஸ்டன் தம்பி எழுதியதற்குப் பிறகு அந்த வரிசைக்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "ஜானி ராஜர்ஸ் ஒமாஹா பையன். தெற்கே பிறந்திருந்தால் அவனை நான் பார்த்தே இருக்க மாட்டேன்" என்றார்.

ஹூஸ்டன் தம்பி எழுதியது:

அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் அண்ணா.

290 ஹைவேயில் பதினொரு வருஷமாகப் போய் வருகிறேன். ஹெம்ப்ஸ்டெட் வருவதற்குச் சற்று முன்னால் ப்ரெய்ரி வியூ பலகை வரும். ஒரு நாள்கூட வண்டியைத் திருப்பியதில்லை. இந்தச் சனிக்கிழமை அங்கே ஆட்டம் இருக்கிறது, இரண்டு டிக்கெட் வாங்கியிருக்கிறேன். இந்தப் பக்கம் யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், ஒரு இடம் காலி.